திருச்செந்தூர் ரயில்: நெல்லையில் இறங்கலாமா, கடைசி வரை போகலாமா?

18 ஆகஸ்ட் 2025, காலை (கேள்வி)

சென்னையிலிருந்து ஐந்து பேர். அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. சூரசம்ஹாரம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருஷ ஆசை. செந்தூர் எக்ஸ்பிரஸில் போகாதே, அது ஊரெல்லாம் சுற்றும், நெல்லையில் இறங்கி பஸ் பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று ஆபீசில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படித்தானா? ஊர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

18 ஆகஸ்ட், மதியம்

நான் ஊர்க்காரி. திருச்செந்தூரில் பிறந்து வளர்ந்தேன், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். நெல்லையில் இறங்காதீர்கள்.

சுற்றும் என்பது உண்மை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் என்று கார்டு லைனில் நேராகத் திருச்சிக்குப் போகாமல், கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று மெயின் லைனில் போகிறது. எழும்பூரில் சாயங்காலம் 4 மணிக்கு மேல் ஏறினால் மறுநாள் காலை திருச்செந்தூர். சுமார் 14 மணி நேரம். நெல்லை எக்ஸ்பிரஸ் கார்டு லைனில் ஓடி ஏறக்குறைய 11 மணி நேரத்தில் நெல்லையைத் தொட்டுவிடும். காகிதத்தில் பார்த்தால் மூன்று மணி நேரம் மிச்சம்.

ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை நெல்லையில் என்ன செய்வீர்கள் என்று பாருங்கள். ஜங்ஷனில் இறங்கி, மேம்பாலம் ஏறி இறங்கி, ஐந்து பேரும் பைகளும் கொள்ள இரண்டு ஆட்டோ பிடித்து, வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். அங்கே சூரசம்ஹாரக் கூட்டம் ஏற்கெனவே நிற்கும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் ஒன்றரை மணி நேரம் காலை மடக்கியே இருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு இது ஆகாது. ரயிலில் அவர் படுத்து வரலாம், நினைத்தபோது எழுந்து நடக்கலாம், கழிப்பறை பக்கத்திலேயே இருக்கிறது. திருச்செந்தூரோடு வண்டி முடிந்துவிடும் என்பதால் இறங்க அவசரமே இல்லை. இரண்டு நிமிஷ ஸ்டாப்பில் ஐந்து பேரையும் பைகளையும் இறக்கும் பதற்றமும் கிடையாது.

கடைசி 61 கிலோமீட்டரை விட்டுவிட்டால் அந்தப் பயணத்தில் நல்ல பாகத்தை விட்டுவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

19 ஆகஸ்ட்

டிக்கெட் விஷயம் மறந்துவிட்டேன், அதுதான் முக்கியம். இப்போது முன்பதிவு 60 நாள்தான். 2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது, பழைய நினைவில் இருக்காதீர்கள். சூரசம்ஹாரம் அக்டோபர் 27, திங்கள். நீங்கள் 25-ஆம் தேதி எழும்பூரில் ஏறுவதாக இருந்தால் ஆகஸ்ட் 26 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். 28-ஆம் தேதி திரும்புவதாக இருந்தால் ஆகஸ்ட் 29. இரண்டு நாளையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

27-ஆம் தேதி இரவே திரும்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சம்ஹாரம் சாயங்காலம் கடற்கரையில் நடக்கும். வண்டி இரவு 8 மணிக்கு மேல்தான், ஆனால் அந்தக் கூட்டம் கலைந்து, நீங்கள் தங்கும் இடத்துக்கு வந்து, பைகளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் போக முடியாது. ஆட்டோ கோயில் பக்கமே வராது. நானும் என் அப்பாவும் ஒரு வருஷம் இப்படி முயற்சி செய்து, ஸ்டேஷனுக்குள் நுழையும்போது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, "நாளைக்குத் திருக்கல்யாணம் பார்த்துட்டுப் போவோம்" என்றார். அதனால் சொல்கிறேன், 28-ஆம் தேதிக்கே போடுங்கள்.

19 ஆகஸ்ட், இரவு

பேருக்கு இரண்டு வரி. வயதானவருக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும் என்றால் அவர் டிக்கெட்டைத் தனியாக, அல்லது இன்னொரு பெரியவரோடு மட்டும் சேர்த்துப் போடுங்கள். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் மூத்த குடிமக்கள் கோட்டாவில் வராது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கடைசி 61 கிலோமீட்டர். சொன்னபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நெல்லை ஜங்ஷனை விட்டதும் தாமிரபரணிப் பாலம். அதற்கப்புறம் பாளையங்கோட்டை. அங்கிருந்து ஆறு வண்டிக்கு இடது பக்கம் கூடவே வருகிறது. ஜன்னலில் எப்போதும் தெரியாது, ஆனால் அது அங்கே இருக்கிறது என்பது வயலைப் பார்த்தாலே தெரியும். செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர். இந்தப் பெயர்களை நான் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்தது எட்டு வயதில்.

ஒரே ஒற்றைத் தண்டவாளம் எத்தனை உலகத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது என்று பாருங்கள். தாதன்குளத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் பக்கத்தில் ஆதிச்சநல்லூர் பறம்பு. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் மனிதர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே 1899-இல் தோண்டத் தொடங்கியபோது இந்த ரயில் பாதையே கிடையாது. அடுத்தது நவதிருப்பதி, ஒன்பது பெருமாள் கோயில்கள். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த புளியமரம். அடுத்த ஸ்டேஷன் நாசரேத், பெயரே பைபிளிலிருந்து வந்த ஊர், சர்ச் கோபுரத்தைச் சுற்றி வளர்ந்தது. அப்புறம் காயல்பட்டினம். பழைய துறைமுகம், இன்றைக்கும் தமிழ் முஸ்லிம்களின் ஊர். கடைசியில் முருகன். ஒன்றரை மணி நேரத்துக்குள் இவ்வளவும். காலை வண்டியில் ஒரே பெட்டியில் திருமண், சிலுவை, தொப்பி, காவி வேட்டி எல்லாம் உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். யாரும் அதை விசேஷமாக நினைப்பதில்லை. எனக்கு அது சென்னைக்கு வந்த பிறகுதான் விசேஷமாகத் தெரிந்தது.

பச்சை எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். ஸ்ரீவைகுண்டம் அணையின் தென்கால் தண்ணீர் பாயும் வரைக்கும் நெல்லும் வாழையும். குரும்பூர் தாண்டினால் மண் நிறம் மாறும், பனை கூடும். ஆறுமுகநேரியில் உப்பளம். காயல்பட்டினம் தாண்டியதும் இடது பக்கம் கடல் தெரியும், தவறவிடாதீர்கள்.

26 ஆகஸ்ட், காலை 8.25

கிடைத்ததா?

26 ஆகஸ்ட், காலை 9.10

ஐந்து பேருக்கும் கிடைத்தது என்று படித்தேன். ரொம்ப சந்தோஷம். அப்பாவுக்குக் கீழ்ப் படுக்கை வந்தது அதைவிட சந்தோஷம். 29-ஆம் தேதியை மறக்காதீர்கள். திரும்பும் வண்டிக்குத்தான் போட்டி அதிகம், ஏனென்றால் வருபவர்கள் பல நாளாகப் பிரிந்து வருகிறார்கள், திரும்புபவர்கள் எல்லோரும் ஒரே இரவில் திரும்புகிறார்கள்.

3 செப்டம்பர்

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வழி கேட்டிருக்கிறார். பாலக்காடு - திருச்செந்தூர் வண்டி இருக்கிறது. பொள்ளாச்சியில் ஏறலாம். காலையில் கிளம்பி மதியத்துக்கு மேல் வந்து சேரும், முழுக்கப் பகல் பயணம். பழனி, திண்டுக்கல், மதுரை, திருப்பரங்குன்றம், நெல்லை, செந்தூர். மூன்று படைவீடுகள் ஒரே தண்டவாள வரிசையில்! என் பெரியம்மா இந்த வண்டியில் பழனி தாண்டும்போது எழுந்து நின்று மலையைக் கும்பிடுவார், திருப்பரங்குன்றத்தில் மறுபடி எழுந்து நிற்பார். செந்தூர் எக்ஸ்பிரஸும் சுவாமிமலை வழியாகத்தான் போகிறது, ஆனால் அந்த நேரம் இரவாகிவிடும்.

7 செப்டம்பர்

"அக்கா, நீங்கள் ரயில் பிரியர், அதனால் இப்படிச் சொல்கிறீர்கள், தினமும் நெல்லைக்கும் செந்தூருக்கும் போய் வருகிறவனைக் கேளுங்கள், பஸ்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பஸ் அடுத்தடுத்து வரும். ரயிலை விட்டால் சில மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது. ஒற்றைப் பாதை என்பதால் எதிர் வண்டிக்குக் கிராசிங் போட்டால் எங்கேயாவது ஒரு ஸ்டேஷனில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய தொந்தரவு. வந்தே பாரத் விஷயமும் அப்படித்தான். 2023 செப்டம்பரிலிருந்து சென்னை - நெல்லை எட்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. ஆனால் மதியம் எழும்பூரில் ஏறினால் நெல்லையில் இறங்கும்போது இரவு பத்தரைக்கு மேல். அந்த நேரத்தில் செந்தூருக்கு ரயில் ஏது? அப்படி வந்தால் பஸ் அல்லது கார்தான். அங்கே நான் முன்னால் சொன்ன "நெல்லையில் இறங்காதீர்கள்" செல்லாது. திருத்திக்கொள்கிறேன்: இரவு வண்டியில் வருகிறவர்கள், பெரியவர்களோடும் பைகளோடும் வருகிறவர்கள், நெல்லையில் இறங்காதீர்கள்.

ஆனால் தினமும் போய் வருகிறவருக்குப் பஸ்தான் என்பதை முழுசாக ஏற்க மாட்டேன். நானும் மூன்று வருஷம் தினமும் போய் வந்தவள்.

7 செப்டம்பர், இரவு

பாளையங்கோட்டையில் கல்லூரி. தொண்ணூறுகளின் தொடக்கம், மீட்டர் கேஜ் வண்டி, சீசன் டிக்கெட். காலையில் அப்பாவும் நானும் ஒன்றாகக் கிளம்புவோம். அப்பாவுக்கு ஆறுமுகநேரியில் உப்பளத்தில் கணக்கு எழுதும் வேலை. இரண்டே ஸ்டேஷன். அவர் இறங்கும்போது எனக்கு ஜன்னல் இடத்தைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். அப்புறம் நாசரேத்தில் என் சிநேகிதிகள் நான்கு பேர் ஏறுவார்கள். அதிலிருந்து பாளை வரை வாய் மூடாது.

பெட்டியில்தான் படித்தோம், பெட்டியில்தான் ஒருத்தி அழுதாள், பெட்டியில்தான் ஒருத்தி கல்யாணப் பத்திரிகை கொடுத்தாள். பஸ்ஸில் போயிருந்தால் இந்தச் சிநேகிதம் அமைந்திருக்குமா? பஸ்ஸில் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு போவோம். எதிரெதிரே உட்கார வைத்தது ரயில்தான். எங்கள் தெருவில் எத்தனையோ பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அதே வண்டிதான். "பஸ்ஸுன்னா வேண்டாம், ரயில்னா போகட்டும்" என்று சொன்ன அப்பாக்கள் பல பேர். சீசன் டிக்கெட் மலிவு, கூட ஊர்க்காரர்கள் வருவார்கள், வண்டி நேரே நம் ஊரில் வந்து முடியும். இது போதாதா ஒரு பெண்ணை வெளியே அனுப்ப?

கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சரையெல்லாம் எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் ஓட்டியபோது குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரி கடைசியில்தான் மறுபடி 10 ஆனது. சென்னையிலிருந்து வருகிறவருக்கு அது தெரியவே தெரிந்திருக்காது. குரும்பூரில் ஏறி நாசரேத்தில் இறங்கும் வாழையிலைக்காரப் பாட்டிக்குத் தெரியும்.

15 செப்டம்பர்

அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய் வந்தேன். முதலில் ஒரு தவறைத் திருத்த வேண்டும்.

ஆகஸ்ட் 24-இல் காயல்பட்டினம் தாண்டியதும் கடல் தெரியும் என்று எழுதினேன். தெரியாது. இந்த முறை வேண்டுமென்றே இடது பக்கம் உட்கார்ந்து, குரும்பூரிலிருந்து கண் எடுக்காமல் பார்த்தேன். உடைமரம், பனை, வீடுகள், மறுபடி பனை. கடல் இல்லை. பாதை கரையை விட்டு உள்ளே தள்ளித்தான் போகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "ரயில்ல இருந்து எங்கட்டி கடல் தெரியுது? நீ பார்த்தது உப்பளம்" என்றார்.

அதுதான். காலை வெயிலில் பாத்தியில் நிற்கும் தண்ணீர் வானம் மாதிரியே இருக்கும். ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், அலை நுரை மாதிரி. அப்பா இறங்கிப் போகும் திசையில் அது தெரிந்ததால், அப்பா கடலுக்கு வேலைக்குப் போகிறார் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நினைப்பு எனக்குள் கடலாகவே இருந்திருக்கிறது. ஆகவே இங்கே படித்துவிட்டுக் கடலுக்காக ஜன்னலோரம் காத்திருக்கப் போகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கடல் தெரியாது, வாடை வரும். ஏ.சி. பெட்டியில் அதுவும் வராது. காயல்பட்டினத்தில் கதவோரம் வந்து நில்லுங்கள், வண்டி நிற்கும்போது மட்டும்.

15 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழித்து

ஸ்டேஷனிலிருந்து கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல காலுள்ளவர் அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். உங்கள் அப்பாவுக்கு ஆட்டோதான்.

28 செப்டம்பர்

வெள்ளம் பற்றி ஒருவர் கேட்டார். "அக்டோபர் கடைசி என்றால் மழைக் காலம் ஆயிற்றே, 2023-இல் நடந்த மாதிரி மாட்டிக்கொள்வோமா?" எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அந்த இரண்டு நாள் எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவிட்டார்கள். சுமார் 800 பேர் வண்டியில். ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவே ஜல்லி முழுக்க அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கிய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வண்டி நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. அந்த இரவில் வண்டியை நகர விடாமல் பிடித்து வைத்த ஸ்டேஷன்காரர்களுக்கு 800 குடும்பங்கள் கடன்பட்டிருக்கின்றன.

கொஞ்சம் பேரைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். மற்றவர்கள் ஸ்டேஷனிலும் வண்டியிலுமாக இரண்டு இரவு. ஸ்ரீவைகுண்டம் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்டேஷன் இந்தப் பக்கம் புதுக்குடியில் இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர், எந்தப் பக்கத்திலிருந்தும் உதவி வர முடியவில்லை. புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து கோயிலில் வைத்துப் பொங்கிப் போட்டார்கள். அவர்கள் ஊரிலேயே வெள்ளம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அப்புறம் ஹெலிகாப்டர் வந்தது, மீட்புப் படை வந்தது, 19-ஆம் தேதி எல்லோரையும் வெளியே கொண்டுவந்து வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

அம்மா வண்டியில் இல்லை, வீட்டில் இருந்தார். ஆனால் மின்சாரமும் போனும் போய்விட்டதால் 17 இரவிலிருந்து எங்களுக்கு எந்தச் செய்தியும் இல்லை. நான் திரும்பத் திரும்ப வண்டி எங்கே நிற்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அதில் இல்லை என்று தெரிந்தும். ஊரிலிருந்து எனக்குத் தெரிய வந்த ஒரே செய்தி அந்த வண்டி பற்றியதுதான். அது பத்திரமாக இருந்தால் ஊரும் பத்திரமாக இருக்கும் என்று ஏதோ ஒரு கணக்கு. 19-ஆம் தேதி மாலை பக்கத்து வீட்டுத் தம்பி யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டு, "அத்தை நல்லா இருக்காங்க, மாடியிலதான் இருக்கோம்" என்றான்.

பாதையைச் சரிசெய்து வண்டி மறுபடி ஓடியது புது வருஷம் பிறந்த பிறகுதான்.

கேட்டவருக்குப் பதில்: அப்படி ஒரு மழையை எங்கள் அம்மா வயதில் அவரும் பார்த்ததில்லை. பயப்பட வேண்டாம். ஆனால் மழைச் செய்தி இருந்தால் வண்டி ஓடுகிறதா என்று கிளம்பும் முன்னால் பாருங்கள். அப்பாவின் மருந்தை இரண்டு நாளைக்குக் கூடுதலாக வையுங்கள். பெரிய பையில் இல்லை, கைப்பையில்.

5 அக்டோபர்

போன குறிப்பைப் படித்துவிட்டு ஒரு பையன், பாதை எப்போது வந்தது என்று கேட்டிருக்கிறான். 1923. அதாவது வெள்ளம் வந்தது நூறாவது வருஷத்தில். நெல்லைக்கு ரயில் 1876-லேயே வந்துவிட்டது. அப்புறம் 47 வருஷம் நெல்லையில் இறங்கி மாட்டு வண்டியிலும் நடந்தும்தான் செந்தூருக்கு வந்தார்கள். என் பாட்டியின் அம்மா அப்படி வந்தவர். "ரயில் வந்தபிறகு முருகனுக்குக் கூட்டம் பெருகிச்சு, நமக்கு வேலை பெருகிச்சு" என்று பாட்டி சொல்வார். 2008-இல் அகலப் பாதை. சென்னைக்கு நேர் வண்டி முதலில் வாரம் ஒரு நாள்தான் விட்டார்கள், பிறகுதான் தினசரி.

தண்டவாளம் திருச்செந்தூரோடு முடிகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். ஒரு காலத்தில் தெற்கே குலசேகரன்பட்டினம், திசையன்விளை வரை ஒரு சின்ன ரயில் ஓடியது. பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலைக்காகப் போட்டது, பனை வெல்லம் ஏற்றுவதற்கு. 1940 வாக்கில் நின்றுபோனது. இப்போது குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் கட்டுகிறார்கள், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் வரும் ஊருக்கு ரயில் வேண்டாமா? திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகக் கன்னியாகுமரி வரை பாதை வேண்டும் என்று அப்பா காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறோம். வடக்கே தூத்துக்குடிக்கு சுமார் 40 கிலோமீட்டர்தான், அதற்கும் நேர்ப் பாதை கிடையாது. இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிற்காது. இன்னொரு நாள்.

19 அக்டோபர்

நாளை தீபாவளி, அதற்குள் கேள்வி கேட்டவருக்குக் கடைசியாகச் சில வார்த்தை. காபி, டீ, சாப்பாடு எல்லாம் வண்டி ஓடும்போது வரும், ஆனாலும் அப்பாவுக்கு இரவுக்கு இட்லி கட்டிக்கொள்ளுங்கள். காலையில் நெல்லை வந்ததும் அவரை எழுப்பி ஜன்னலோரம் உட்கார வையுங்கள். ஆற்றுப் பாலத்தில் இருட்டாகத்தான் இருக்கும், ஊர் நெருங்கும்போது விடியும். சம்ஹாரத்தன்று மதியத்துக்குள் அவரை ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட வேண்டும், அப்புறம் நகர முடியாது. கடற்கரை மணலில் நாற்காலி போட விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு ஒரு மடக்கு முக்காலி கொண்டுபோங்கள்.

30 அக்டோபர்

படித்தேன். நீங்கள் போய் வந்ததைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் படித்தேன். அப்பா ஆற்றுப் பாலத்திலிருந்தே கையைக் கூப்பிக்கொண்டு வந்தார் என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். முக்காலி உதவியதில் மகிழ்ச்சி. கடலைத் தேடாமல் உப்பளத்தைக் காட்டியிருக்கிறீர்கள், அதற்குத் தனியாக நன்றி.

திரும்பும்போது வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றபோது அப்பா இறங்கி, பிளாட்பாரத்தில் நின்றிருந்த ஒருவரிடம் "புதுக்குடிங்கிறது இதுதானா" என்று கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அங்கே நிற்கிறவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரராகத்தான் இருப்பார். அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இலை விபூதி, பன்னீர் இலையில் வைத்துக் கோயிலில் தரும் திருநீறு, வழியில் நொறுங்கிவிட்டது என்று அப்பா வருத்தப்படுகிறாராமே. பன்னீர் இலை காய்ந்தால் அப்படித்தான், மடியில் வைத்திருந்தாலும் நொறுங்கும். டிசம்பரில் அம்மாவைப் பார்த்துவிட்டு வரும்போது புதிதாக வாங்கி, எவர்சில்வர் டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவருகிறேன். எழும்பூரில் காலையில் பத்து மணிக்கு மேல் இறங்குவேன். யாராவது ஸ்டேஷனுக்கு வந்தால் கையில் கொடுத்துவிடலாம்.